நண்பகலில் போய் நில்லுங்கள்

நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் பூங்காப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தேன். கற்றதில் பெரும்பகுதி தவறு செய்து கற்றது. அதே தவறுகளை நீங்களும் ஒரு சுற்று செய்து முடிக்க ஊருக்குப் பொறுமையும் இல்லை, நிலமும் இல்லை.

1. இடம் பார்க்கக் காலை ஆறு மணிக்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் எந்தப் பொட்டலும் அழகாகத்தான் தெரியும். மே மாதத்தில், பகல் ஒரு மணிக்குப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். அங்கே யார் ஒதுங்குகிறார்கள் என்று பாருங்கள். ஒரு வீட்டில் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போக நேரம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கும் அம்மா. சாப்பாட்டுப் பெட்டியை வண்டியில் வைத்துக்கொண்டு அடுத்த ஆர்டருக்காகக் கைப்பேசியைப் பார்த்தபடி நிற்கும் பையன். காய்கறி வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, துண்டை அவிழ்த்து முகம் துடைக்கும் பெரியவர். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் மனுக் கொடுப்பார்கள், கவுன்சிலரைப் பார்ப்பார்கள், வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் நான் சொன்ன மூன்று பேரும் ஒருநாளும் மனுவோடு வரமாட்டார்கள். அவர்களுக்காக எஸ்டிமேட்டில் எழுத வேண்டியது நீங்கள்தான்.

பூங்காவைக் காலை பத்து மணிக்குப் பூட்டி, மாலை நான்கு மணிக்குத் திறக்கும் வழக்கம் எத்தனையோ ஊர்களில் இருந்திருக்கிறது. நான் இருந்த ஊரில் அப்படி ஒரு நேரப் பலகைக்குக் கோப்பு எழுதியவனே நான்தான். பகலில் யார் வரப் போகிறார்கள், காவலாளிக்கு எதற்குச் சம்பளம் என்று எழுதினேன். பிறகு ஒரு சித்திரை மாதப் பகலில் அந்த வழியாகப் போனேன். பூட்டிய கேட்டுக்கு வெளியே, மதிலைத் தாண்டி விழுந்த ஒரு முழ அகல நிழலில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தாள். குழந்தையின் கால் மட்டும் வெயிலில் இருந்தது. அவள் முந்தானையை இழுத்து அந்தக் காலை மூடினாள். உள்ளே நாங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்த புங்க மரங்களின் கீழே ஓர் ஆள்கூட இல்லாமல் அவ்வளவு நிழல் கிடந்தது. அந்தப் பலகையை மாற்ற எனக்கு நான்கு மாதம் பிடித்தது. பூங்காவைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்ததை மாற்ற அந்த ஒரு பார்வையே போதுமாக இருந்தது.

2. செடி வாங்கும் முன் ஆவணம் பாருங்கள். சர்வே எண், புலப்படம், அ-பதிவேடு, தானப் பத்திரம் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் பீரோவில் இருக்க வேண்டும். எல்லைக்கல் நட்ட இடத்துக்கு நீங்களே நடந்துபோய்க் காலால் தட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

பூங்கா நிலம் ஒரே இரவில் போவதில்லை. நல்ல காரணங்களுக்காக, துண்டு துண்டாகப் போகும். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒன்று இருந்தது. 1859-60-இல் ஆளுநராக இருந்த சார்லஸ் டிரெவெல்யன் மக்களுக்காக ஏற்படுத்தியது. 116 ஏக்கர், உள்ளே குளங்கள், உயிரியல் பூங்கா. அந்த நிலத்தில் விக்டோரியா பொது மண்டபம் வந்தது, 1900-இல் மூர் மார்க்கெட் வந்தது, 1913-இல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது, பிறகு விளையாட்டரங்கமும் வந்தது. விலங்குகள் 1985-இல் வண்டலூருக்குப் போய்விட்டன. இதில் எந்தக் கட்டடம் வேண்டாத கட்டடம் என்று சொல்ல முடியும்? ஒன்றும் இல்லை. ஆனால் 116 ஏக்கரில் பூங்கா என்று சொல்ல இன்று மிஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்காவைப் போன்ற ஒரு சிறு பகுதிதான். உங்கள் பூங்காவின் மூலையிலும் ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்கு, நூலகத்துக்கு, வார்டு அலுவலகத்துக்கு இடம் கேட்பார்கள். அன்றைக்குக் கையில் சட்டம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பு தன் எல்லையில் உள்ள பூங்காக்களைப் பட்டியலிட வேண்டும் என்பது அதில் முக்கியமானது. உங்கள் பூங்கா அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே பாருங்கள். பெங்களூரில் பூங்காவுக்கென்று திட்டத்தில் ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. முத்தப்பா வழக்கு என்பார்கள். அதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் எழுந்து அதைச் சொல்ல ஓர் இளம் அதிகாரிக்குத் துணிச்சல் வேண்டும், வரும்.

3. ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலத்தை வரைபடத்திலேயே கவனியுங்கள். தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவிலோ கட்டடத் திட்டத்திலோ, சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000-க்கும் 10,000-க்கும் இடைப்பட்டவர்கள் நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்டலாம். நிலம் கொடுக்கிறவர் எந்த நிலத்தைக் கொடுப்பார்? டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் வால் மாதிரி நீண்ட துண்டை, மழைநீர்க் கால்வாயோரச் சரிவை. அளவு சரியாக இருக்கும், கணக்கு நேராகும், குழந்தை ஓட இடம் இருக்காது. கையெழுத்தாகும் முன்பே வடிவத்தையும் வழியையும் கேளுங்கள். பொதுச் சாலையிலிருந்து நேராக உள்ளே போக முடியாத நிலம், சில ஆண்டுகளில் அந்தக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடமாகிவிடும்.

4. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தோட்டப் பணியாளரைக் கேளுங்கள். சென்னைக்கு ஆண்டில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பள்ளமான மூலையைப் பார்த்ததும் பத்து லோடு மண் அடித்து மேடாக்கச் சொல்வது நம் இன்ஜினியர்களின் கை வழக்கம். அடிக்காதீர்கள். அந்தப் பள்ளம்தான் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தெருவைக் காப்பாற்றுகிறது. அதைக் குளமாக்குங்கள், கரையில் நீர்மருதும் புங்கனும் வையுங்கள். அடையாறு கழிமுகத்தை ஒட்டி, இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சீர்செய்து 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். பெரும்பகுதியைத் தண்ணீராகவும் சதுப்பாகவுமே விட்டார்கள். எல்லாப் பசுமையும் மனிதன் நடக்கத்தான் என்று இல்லை. நத்தைகுத்தி நாரைக்கும் தவளைக்கும் ஒரு பங்கு உண்டு.

5. மரம். இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம், நான் மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன்.

முதலில் குழி. மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் தோண்டி, மாலையில் குழி நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் வந்து பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் அங்கே வேம்பு வைக்கக் கூடாது, அழுகிவிடும். புங்கன் தாங்கும், நீர்மருது தாங்கும். ஒரு குடம் தண்ணீர் சொல்லிவிடுகிற விஷயத்துக்கு நான் பல வருடம் அறிக்கை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்தது கன்று. ஒரு திறப்பு விழா அவசரத்துக்காக ஆளுயரக் கன்றுகள் இருநூறு வாங்கி நட்டேன். பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. மூன்றாம் வருடம் சாதாரணக் காற்றுக்கே வரிசையாகச் சாய்ந்தன. ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். வேர் அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, பாலிதீன் பையின் வடிவத்திலேயே இறுகிப்போயிருந்தது. பையைக் கழற்றி மூன்று வருடம் ஆகியும் அந்த வேர் பையைவிட்டு வெளியே வரவில்லை. ஆணிவேர் அடியில் மடங்கி, பித்தளைக் கொக்கி மாதிரி மேல் நோக்கித் திரும்பியிருந்தது. நர்சரியில் கன்று எடுக்கும்போது பத்துக்கு ஒரு பையைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். வேர் சுருண்டிருந்தால் லோடையே திருப்பி அனுப்புங்கள். இரண்டடிக் கன்று போதும். நல்ல வேர் இருந்தால் அது ஆளுயரக் கன்றை எட்டிப் பிடித்துவிடும்.

மூன்றாவது எந்த மரம் என்பது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்த மறுநாள் காலை தெருக்களில் நடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மயில்கொன்றையும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. சீக்கிரம் வளரும், சீக்கிரம் பூக்கும் என்று நாம் ஆசைப்பட்டு வைத்தவை. நாட்டு மரமும் விழுந்தது, மறைக்க வேண்டாம். கேபிளுக்காகவும் கால்வாய்க்காகவும் ஒரு பக்க வேரை வெட்டிவிட்டால் எந்த மரம் நிற்கும்? இந்தக் கடற்கரைக்கு என்று ஒரு காடு உண்டு. கிண்டி தேசியப் பூங்காவின் சுமார் 270 ஹெக்டேரில் அதன் மிச்சம் இருக்கிறது. கிளையெல்லாம் தாழ்ந்து, இலை தடித்து இருக்கும். உலர் பசுமைமாறாக் காடு என்று சொல்வது அதைத்தான். உலக்கைப்பாலை, வீரமரம், நாவல், காட்டெலுமிச்சை. இவை மெல்ல வளரும். உங்கள் பணிக்காலத்தில் விழா எடுக்க உதவாது. ஆனாலும் வையுங்கள். பூவரசும் புன்னையும் மகிழமும் இலுப்பையும் பக்கத்தில் வையுங்கள்.

6. புல்தரையைக் குறையுங்கள். மெக்சிகன் புல், கொரியன் புல் இரண்டுமே தினம் தண்ணீர் கேட்கும், கோடையில் டேங்கர் லாரிக்காகக் காத்திருக்கும். அப்புறம் "புல்லின் மேல் நடக்காதீர்கள்" என்று பலகை வைப்பீர்கள். நடக்கக் கூடாத தரையைப் பொதுப் பணத்தில் எதற்குப் போட வேண்டும்?

7. பேவர் பிளாக்கை மரத்தின் கழுத்து வரை கொண்டு போகாதீர்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது சிமெண்ட் இல்லாமல் விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு 2013-இலேயே உத்தரவிட்டது. மரத்துக்கு டெல்லி என்றும் திருச்சி என்றும் தெரியாது.

8. கழிப்பறை இல்லாத பூங்கா ஆண்களுக்கு மட்டுமான பூங்கா. இதைவிட மென்மையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர், விளக்கு, தினம் இரண்டு முறை கழுவ ஆள், இந்த நான்கையும் எழுதாமல் நீரூற்றுக்கு ஒரு ரூபாய்கூட எழுதாதீர்கள். கழிப்பறைக்கு அடுத்தது குடிநீர்க் குழாய். அதற்கடுத்தது பெஞ்ச். சாய்மானமும் கைப்பிடியும் இல்லாத கல்பெஞ்சில் உட்கார்ந்த பெரியவரை இன்னொருவர் கைகொடுத்துத்தான் எழுப்ப வேண்டியிருக்கும்.

9. வேலை செய்கிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒப்பந்தத்தில் வந்தவர்தானே என்று நினைக்க வேண்டாம். மரத்தை உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பூங்கா அமைக்கப் பணம் எப்படியாவது கிடைத்துவிடும், எம்.எல்.ஏ. நிதியிலோ ஏதாவது ஒரு திட்டத்திலோ. இரண்டாம் வருடத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கன்று சாவது அந்த இரண்டாவது கோடையில்தான். ஆகவே எஸ்டிமேட்டிலேயே மூன்று கோடைக்குப் பராமரிப்பு எழுதுங்கள். வெட்டினால் நீரூற்றை வெட்டட்டும், பணியாளரின் கூலியை வெட்ட விடாதீர்கள். அவருக்குக் கையுறையும், மதியம் சாப்பிட நிழலில் ஓர் அறையும், பெண்களுக்கு உடை மாற்ற இடமும் சேர்த்து எழுதுங்கள்.

10. ஒவ்வொரு பூங்காவுக்கும் ஒரு கெட்டி அட்டை நோட்டு வையுங்கள். எந்தத் தேதியில் எந்த மூலையில் என்ன நட்டீர்கள், எந்த நர்சரிக் கன்று, எது எப்போது செத்தது, எந்த மழையில் எங்கே தண்ணீர் நின்றது என்று எழுதுங்கள். மூன்று வருடத்தில் உங்களை மாற்றிவிடுவார்கள். மரத்தை மாற்ற மாட்டார்கள். சாவிக்கொத்தோடு அந்த நோட்டையும் அடுத்து வருபவர் கையில் கொடுங்கள்.

என் நோட்டின் கடைசிப் பக்கத்தில், மேற்கு மதிலோரம் மூன்று இலுப்பை என்று எழுதிவிட்டு வந்தேன். பூக்கப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும். பங்குனியில் விடியும் முன் போனால் பூ தரையில் உதிர்ந்து கிடக்கும், வௌவால் வந்து போயிருக்கும். உங்களில் யாருக்காவது அந்தப் பூங்கா கிடைத்தால் போய்ப் பார்த்துவிட்டு, பூத்ததா என்று அந்தப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.