பிள்ளைக்கு பிரெஞ்சு: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. ‘சொல்தா’ வீடுகள் என்று ஊரில் சொல்லப்படும் பழைய பிரெஞ்சு ராணுவத்தார் வீடுகளும் அதில் சேர்த்தி. அங்கெல்லாம் பிள்ளைக்கு பிரெஞ்சு சொல்லித்தருவது புதுச் செய்தியல்ல. இப்போது சென்னையிலும் கோவையிலும் பிரெஞ்சே தெரியாத பெற்றோர் இந்த ஆசையோடு இருக்கிறார்கள். ஆசை நல்லதுதான். கூடவே வரும் நம்பிக்கைகளில்தான் கோளாறு.

நம்பிக்கை: பிரெஞ்சு கார்ட்டூன் போட்டுவிட்டால் குழந்தை தானே பிடித்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் பட்ரீஷியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு, ஆள் நேரில் உட்கார்ந்து பன்னிரண்டு அமர்வுகள் சீன மொழியில் பேசி விளையாடினார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலிகளைப் பிரித்தறியும் திறன் வந்தது. அதே ஆட்களை, அதே பொம்மைகளை டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் வரவில்லை. ஒலிப்பதிவை மட்டும் கேட்டவர்களுக்கும் அதே கதைதான். மூன்று, நான்கு வயதில் கார்ட்டூன் பார்த்துச் சில சொற்கள் ஒட்டலாம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ‘அது என்ன?’ என்று பிரெஞ்சில் கேட்க ஓர் ஆள் இல்லையென்றால் அது வெறும் வேடிக்கை.

நம்பிக்கை: நம் உச்சரிப்பு சரியில்லை, நாம் சொல்லித்தந்தால் கெட்டுவிடும்.

பிரெஞ்சின் மூக்கொலி உயிர்களைக் கண்டு மிரளுபவர்கள் தாங்கள் தமிழ் பேசுவதைச் சற்றுக் கவனிக்கட்டும். பேச்சில் ‘மரம்’ என்னும்போது உதடு மூடுவதில்லை. கடைசி எழுத்து மூக்கில் கரைந்துவிடுகிறது. ‘வந்தான்’ என்பதும் அப்படித்தான். ‘போன்ழூர்’ சொல்லத் தேவையான மூக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. நம்மிடம் இல்லாதது ‘த்யூ’ போன்ற சொற்களில் வரும் உயிர். ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவித்தால் அது வந்துவிடும். தொண்டையில் உரசும் ‘ர’வைப் பிரெஞ்சுக்காரர் குரலில் பாட்டாகக் கேட்கவிடுங்கள்.

நம் வீடுகளில் உச்சரிப்பைக் கெடுப்பது நாக்கைவிட எழுத்துதான். பாரிஸை ‘பரீ’ என்று கேட்டுப் பழகாத பிள்ளை, புத்தகத்தைப் பார்த்ததும் கடைசி எழுத்தையும் சேர்த்து வாசிக்கும். முதலில் காது, பிறகு வாய், எழுத்து கடைசியில். ‘லா தாப்ல்’, ‘ல லீவ்ர்’ என்று பெயரோடு ஒட்டியே ஆண்பால் ‘ல’வையும் பெண்பால் ‘லா’வையும் சொல்லுங்கள், பால் அட்டவணை எதுவும் வேண்டாம். ‘த்யூ’வும் ‘வூ’வும் ‘நீ’, ‘நீங்க’ தெரிந்த பிள்ளைக்கு ஒரு பாரமா?

நம்பிக்கை: மூன்று மொழி ஆனால் பேச்சு தாமதமாகும்.

பல மொழி கேட்கும் குழந்தை சொற்களைக் கலந்து பேசும். அது குழப்பமல்ல, இயல்பு. 1965-இல் கனடாவில் மொன்றியல் அருகே சென்-லாம்பேரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் போராடி, தங்கள் பிள்ளைகளுக்கு முழுக்க பிரெஞ்சில் நடக்கும் மழலையர் வகுப்பைத் தொடங்கவைத்தார்கள். மக்கில் பல்கலைக்கழகத்தார் பின்தொடர்ந்து பார்த்ததில், தொடக்கத்தில் ஆங்கில வாசிப்பு பின்தங்கினாலும் பிறகு சரியாகிவிட்டது. ஆகவே வீட்டுத் தமிழைக் குறைக்க வேண்டியதில்லை. இரண்டு வயதாகியும் எந்த மொழியிலும் சொற்கள் சேரவில்லையென்றால் பிரெஞ்சைப் பழிக்காமல் மருத்துவரிடம் காதைச் சோதியுங்கள்.

நம்பிக்கை: ஐந்து வயதுக்குள் தொடங்காவிட்டால் போச்சு.

நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்த, ஆங்கிலம் பேசுவோரை வைத்து 1978-இல் வெளியான ஆய்வில், டச்சு மொழியை முதல் மாதங்களில் வேகமாகக் கற்றவர்கள் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதினர், மழலைகள் அல்ல. சின்ன வயதின் லாபம் உச்சரிப்பில் தெரியும். மற்றதெல்லாம் எத்தனை மணி நேரம் கேட்டுப் பேசினார்கள் என்பதைப் பொறுத்தது. சீக்கிரம் தொடங்கிய கனடாப் பிள்ளைகள்கூடப் பிரெஞ்சைப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர்களாகி, பேச்சில் ஆண்பால் பெண்பாலில் தடுமாறிக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியாக ஒன்று. டெல்ஃப் பிரிம் என்ற பிரெஞ்சுச் சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது. அது எழுதப் படிக்கத் தெரிந்த பள்ளிப் பிள்ளைகளுக்கானது. நான்கு வயதுப் பிள்ளையை அதற்குத் தயார்ப்படுத்துவதாக யாராவது கட்டணம் கேட்டால், கொடுக்காதீர்கள்.