மின்கட்டமைப்பைத் திட்டமிடப் புதிதாக வரும் பொறியாளருக்கு

காற்றையும் வெயிலையும் ஒரு மின்கட்டமைப்பில் சேர்ப்பதற்கான நீண்டகாலத் திட்டம் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில்தான் தொடங்குகிறது. இத்தனை மெகாவாட் நிறுவினால் வருடத்துக்கு இத்தனை கோடி யூனிட் என்று பெருக்கிவிடுவது எளிது. இலக்குகளும் அப்படியே அறிவிக்கப்படுகின்றன. 2030க்குள் மின்சாரத்தில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்பது இலங்கையின் இலக்கு. கட்டமைப்பு இயங்குவதோ நொடிக்கு நொடி. ஆகவே இத்துறைக்கு வரும் இளம் பொறியாளர் ஆண்டுக் கூட்டுத்தொகையை ஒருபுறம் வைத்துவிட்டு, வருடத்தின் 8,760 மணி நேரத்தையும் வரிசையாக விரித்துப் பார்க்கப் பழக வேண்டும். எந்த மணியில் மின்சாரம் மிஞ்சுகிறது, எந்த மணியில் போதவில்லை, எந்த மணியில் ஒரே ஒரு இயந்திரம் நின்றாலும் எல்லாம் சரியும் என்று அந்த வரிசை சொல்லும். திட்டம் அங்கிருந்து பிறக்க வேண்டும்.

இதைக் கற்க இலங்கையைவிடப் பொருத்தமான இடம் குறைவு. அதன் கட்டமைப்பு தனித்தீவு. அண்டை நாட்டோடு மின்தொடர்பு இல்லை. பற்றாக்குறையானால் வாங்க வழியில்லை, மிஞ்சினால் விற்கவும் வழியில்லை. எரிபொருள் முழுவதும் இறக்குமதி. டாலர் தீர்ந்த 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. காற்றும் வெயிலும் வேண்டுமா என்ற விவாதத்தை அந்த மாதங்களே முடித்துவைத்தன. எப்படிச் சேர்ப்பது என்பதே மிச்சம், அதுதான் கடினமான பாதி.

இலங்கையில் தேவை உச்சத்தைத் தொடும் நேரம் மாலை விளக்கேற்றியபின் வரும் இரண்டு மூன்று மணி. அப்போது சோலார் பூஜ்யம். சோலார் உச்சத்தில் இருக்கும் நண்பகலில், அதுவும் அலுவலகமும் தொழிற்சாலையும் மூடிய ஞாயிறன்று, தேவை அடிமட்டத்தில் இருக்கும். 2025 பிப்ரவரி 9 அப்படியொரு ஞாயிறு. முற்பகல் 11 மணிக்கு மேல் பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு கோளாறு ஏற்பட்டது. சாதாரண நாளில் அந்த வட்டாரத்தோடு முடிந்திருக்கக்கூடிய அது நாடு முழுவதையும் இருட்டாக்கியது. நுரைச்சோலையில் தலா 300 மெகாவாட் திறனுள்ள மூன்று நிலக்கரி அலகுகளும் நின்றன. அனல்மின் அலகு ஒருமுறை நின்றால் மீண்டும் முழுத் திறனுக்கு வர நாட்கள் ஆகும் என்பதால், அடுத்த சில நாட்களுக்குச் சுழற்சி முறையில் மின்வெட்டு தொடர்ந்தது.

இதன் உள்விவரத்தைத் திட்டமிடுபவர் நன்றாக உள்வாங்கிக்கொள்ள வேண்டும். நிலக்கரி, நீர்மின் நிலையங்களின் கனத்த டர்பைன்கள் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணோடு ஒத்திசைந்து சுழல்கின்றன. எங்கோ ஒரு நிலையம் கழன்றுகொண்டால், அந்தச் சுழற்சியில் பொதிந்த ஆற்றல் முதல் சில நொடிகளுக்குக் குறையைத் தாங்கும். அதிர்வெண் மெதுவாக இறங்கும். அதற்குள் மற்ற நிலையங்கள் கூடுதலாகத் தரத் தொடங்கிவிடும். சாதாரண இன்வெர்ட்டர் வழியாக வரும் கூரைச் சோலாருக்கு இந்தச் சுழலும் பாரம் கிடையாது. சோலார் பெருகி, டர்பைன்கள் குறைந்து ஓடும் வேளையில் அதே கோளாறு நேர்ந்தால் அதிர்வெண் மளமளவென்று சரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. அதிர்வெண் சரிந்தால் சில ஃபீடர்களைத் தானாகத் துண்டித்து மீதியைக் காப்பாற்றும் ரிலேக்கள் எல்லாக் கட்டமைப்பிலும் இருக்கின்றன. அவற்றைப் பொருத்திய காலத்தில் ஃபீடர் என்றால் மின்சாரம் வாங்கும் பாதை மட்டுமே. கூரையெங்கும் தகடு ஏறிய பகுதிகளில் நண்பகலில் அதே ஃபீடர் மின்சாரத்தை மேல்நோக்கி அனுப்பிக்கொண்டிருக்கும். அதைத் துண்டித்தால் சுமை குறையாது, உற்பத்திதான் குறையும். காப்பாற்ற வைத்த ரிலே சரிவை வேகப்படுத்திவிடும். எந்த ரிலே எந்த நேரத்தில் எந்த ஃபீடரைத் துண்டிக்கும் என்ற பட்டியலைப் புதுப்பிப்பது எந்த அமைச்சரும் திறந்துவைக்காத வேலை. ஆனால் இருநூறு மெகாவாட் சோலார் பூங்காவுக்கு முன் முடிய வேண்டிய வேலை அது.

தெருவில் நிலைமை இன்னும் கண்கூடாகத் தெரியும். டிரான்ஸ்பார்மரிலிருந்து தொலைவில், லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் வழக்கமாக மின்னழுத்தம் குறைவாக இருக்கும். அதை ஈடுகட்ட டிரான்ஸ்பார்மரில் சற்று உயர்த்தி வைத்திருப்பார்கள். அந்தக் கடைசி வீடுகள் பத்திலும் சோலார் வந்துவிட்டால், வெயில் உச்சியில் அங்கே அழுத்தம் 250 வோல்ட்டைத் தாண்டும். இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணையும். கடன் வாங்கித் தகடு போட்ட குடும்பத்துக்கு நல்ல வெயிலில் வருமானம் நிற்கும், காரணமும் புரியாது. இலங்கையில் கூரைச் சோலார் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டியபின்னும் அதில் பெரும்பகுதியை மையத்திலிருந்து பார்க்கவோ கட்டுப்படுத்தவோ ஏற்பாடு இருக்கவில்லை. அதனால் 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையில் தேவை வீழ்ந்தபோது, பகல் நேரத்தில் தகடுகளைத் தாங்களே அணைத்துவைக்கும்படி வீட்டுக்காரர்களை மின்சார சபை கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஜெர்மனிக்கும் இதற்கு இணையான அனுபவம் உண்டு. அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் எல்லா இன்வெர்ட்டரும் ஒரே நொடியில் கழன்றுகொள்ள வேண்டும் என்று பழைய விதி இருந்தது. நிலையங்கள் பெருகியபின் அந்த விதியே ஆபத்தாகி, 2012இல் புதிய ஆணை பிறப்பித்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களைத் திருத்த நேர்ந்தது. வளரும் கட்டமைப்புக்கு அந்தச் செலவைத் தவிர்க்க வாய்ப்பு இருக்கிறது. முதல் ஆயிரம் வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கும்போதே, அழுத்தத்துக்கு ஏற்ப உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கும், மையத்தின் கட்டளையை ஏற்கும் இன்வெர்ட்டரை மட்டும் அனுமதிப்பது என்று விதி எழுதிவிட வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்ட விதியை லட்சம் கூரைகளில் ஏறி அமல்படுத்த முடியாது.

அடுத்தது இரவு. நூறு மெகாவாட் சோலார் வந்ததால் நூறு மெகாவாட் அனல்மின் நிலையத்தைக் கைவிடலாமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்வது திட்டமிடுபவரின் கடமை. உச்சம் பகலில் வரும் ஊரில் முதலில் வரும் சோலார் உண்மையாகவே பழைய நிலையத்தின் சுமையை எடுத்துக்கொள்ளும். சோலார் கூடக்கூட, மிச்சமிருக்கும் தேவையின் உச்சம் சூரியன் மறைந்தபின்னான நேரத்துக்கு நகரும். அதன்பின் எத்தனை தகடு சேர்த்தாலும் அந்த மணிக்கு உதவாது. இலங்கையில் உச்சம் ஆரம்பத்திலிருந்தே இரவில்தான். காற்றின் கதை வேறு. மன்னாரில் தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை இரவிலும் வீசும். மற்ற மாதங்களில் அதை அந்த அளவுக்கு நம்ப முடியாது. ஒவ்வொரு மூலத்தையும் நிறுவு திறனால் எடைபோடாமல், மிக நெருக்கடியான சில நூறு மணிகளில் அது எவ்வளவு தரும் என்பதால் எடைபோட வேண்டும்.

இந்த இடைவெளியை நிரப்ப நீர்மின்சாரம் இருக்கிறதே என்பார்கள். பாதிதான் உண்மை. மகாவலி ஆற்றின் நீர் முதலில் வயலுக்கு. மகா போகத்துக்கும் சிறு போகத்துக்கும் எப்போது எவ்வளவு திறப்பது என்பதைப் பாசனமே தீர்மானிக்கிறது. மின்சாரம் அதன் பின்னால் வருகிறது. வறட்சி ஆண்டில் அந்த நெகிழ்வும் போய்விடும். இந்த மாதிரிக் கட்டுப்பாடுகளைக் கணினியில் ஏற்றாமல் நீர்மின் நிலையம் எந்த நேரமும் ஏறி இறங்கும் என்று எழுதிய திட்டம் தாளில் அழகாக இருக்கும், மார்ச் மாதத்தில் தோற்கும். நண்பகல் மிச்சத்தை மாலைக்குக் கொண்டுபோகத் தனியே ஏற்பாடு தேவை. தமிழ்நாட்டில் ஆழியாறுக்கு மேலுள்ள கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980களின் இறுதியிலிருந்தே இயங்குகிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையின் நீரை மேலே ஏற்றி, தேவையான நேரத்தில் இறக்கிக்கொள்கிறது. அதற்கு அடுத்து எடுத்த குந்தாத் திட்டம், 500 மெகாவாட், பத்தாண்டுக்கும் மேல் இழுத்தது. இலங்கையின் மகா ஓயாத் திட்டமும், 600 மெகாவாட், பல ஆண்டுகளாகத் திட்டமாகவே இருக்கிறது. மலையில் குடையும் வேலைக்கு இவ்வளவு காலம் ஆகும் என்று ஏற்றுக்கொண்டு, இடைக்காலத்துக்கு ஓரிரு வருடத்தில் நிறுவக்கூடிய பேட்டரியை வரிசையில் முன்னே வைப்பது அறிவுடைமை. பம்புசெட், ஐஸ் தொழிற்சாலை போன்ற சுமைகளைப் பகல் கட்டணம் குறைத்து நண்பகலுக்கு நகர்த்துவது எல்லாவற்றிலும் மலிவு.

வரிசை என்பதே இந்தத் தொழிலில் பாதி. சோலார் நிலையத்தை ஒன்றரை இரண்டு வருடத்தில் கட்டிவிடலாம். உயர் அழுத்த மின்கம்பித் தொடருக்கு நிலம், காடு, கோபுரம், வழக்கு எல்லாம் சேர்ந்து அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு காலம் ஆகும். கென்யாவின் துர்கானா ஏரிக்கரையில் 365 காற்றாலைகள், 310 மெகாவாட், 2017இல் தயாராகிவிட்டன. அவற்றின் மின்சாரத்தை நைரோபி அருகே கொண்டுவர வேண்டிய 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொடர் 2018இல்தான் முடிந்தது. சுழலாத காற்றாலைக்கும் ஒப்பந்தப்படி பணம் கட்ட நேர்ந்தது. வியட்நாமில் சிக்கல் வேறு விதம். 2017இல் அறிவித்த யூனிட்டுக்கு 9.35 அமெரிக்க சென்ட் விலையில் தொடங்கி முதலீடு குவிந்து, 2020 முடிவுக்குள் சோலார் 16,000 மெகாவாட்டைத் தாண்டியது. வெயில் நல்ல நிந் துவான், பிந் துவான் மாகாணங்களில் எல்லாரும் குவிந்ததால் தொடர்கள் நிரம்பி, உற்பத்தியை நிறுத்திவைக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. விலை எல்லா இடத்துக்கும் ஒன்றாக இருந்தால் முதலீடு வெயிலைத் தேடிப் போகும், கம்பியைத் தேடிப் போகாது. மன்னாரில் வரிசை சரியாக அமைந்தது. அநுராதபுரத்திலிருந்து 220 கிலோவோல்ட் தொடரும் நடுக்குடா துணை மின்நிலையமும் காற்றாலைத் திட்டத்தோடு சேர்த்துத் திட்டமிடப்பட்டன. 30 ஆலைகள் கொண்ட தம்பபவனி, 103.5 மெகாவாட், மின்சாரத்தை அனுப்ப வழி இருக்கும் நிலையில் இயங்கத் தொடங்கியது.

அதே மன்னாரில் இன்னொரு பாடமும் உண்டு. அந்தத் தீவு மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகளின் வழித்தடம்; கரையோரம் மீனவர்களின் வாழ்விடம். அடுத்தடுத்த காற்றாலைத் திட்டங்களுக்கு மக்கள் எதிர்ப்பு வலுத்தது. காற்று வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும் இடமெல்லாம் கட்டக்கூடிய இடம் அல்ல என்பதை, ஏலம் விட்டபின் அல்ல, இடம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெரிய கட்டமைப்போடு இணைந்திருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதற்குத் தமிழ்நாடு சான்று. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காட்டுக் கணவாய்கள் வழியே நுழையும் காற்றில் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் ஆலைகள் நிற்கின்றன. தென்மண்டலக் கட்டமைப்பு 2013 டிசம்பர் 31இல் நாட்டின் மற்ற பகுதியோடு ஒத்திசைந்து இணைந்தது. அதற்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகள், காற்று சீசனில் தொடர் போதாமல் ஆலைகளை நிறுத்திவைத்ததைக் காற்றாலைக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. சோலாரை நிறுத்திவைத்தது பற்றிய வழக்கில் 2021 ஆகஸ்டில் மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், கட்டமைப்புப் பாதுகாப்பு அல்லாத காரணத்துக்காக நிறுத்தியதற்கு இழப்பீடு தரச் சொன்னது. யாரை, எப்போது, எந்தக் காரணத்துக்கு நிறுத்தலாம், நிறுத்தினால் யார் பணம் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதாத திட்டம் முதலீட்டாளரையும் மின்வாரியத்தையும் ஒருசேரக் காயப்படுத்தும். முப்பந்தல் பக்கம் மிகச் சிறந்த காற்றுள்ள இடங்களில் 1990களின் 250 கிலோவாட் இயந்திரங்கள் நிற்பதும் சிந்திக்கத்தக்கது. அவை கட்டமைப்பிலிருந்து எதிர்வினை மின்திறனை உறிஞ்சும் வகை; இன்று ஒரே ஆலை அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் தருகிறது. முதல் தலைமுறைக்கு நல்ல இடத்தைக் கொடுக்கும்போதே மாற்றியமைக்கும் நிபந்தனையையும் சேர்த்து எழுதியிருந்தால், 2024இல் அதற்குத் தனிக் கொள்கை வகுக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்திராது. மதுரைக்கும் இலங்கைக்கும் இடையே நேர்மின்தொடர் அமைக்கும் யோசனைக்கு 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. அது வந்தால் மன்னார்க் காற்றின் மதிப்பே மாறும். ஆனால் வரும் என்று வைத்து ஒரு திட்டமும், வராது என்று வைத்து ஒரு திட்டமும் கையில் இருக்க வேண்டும்.

இருபதாண்டுத் திட்டத்தை இலங்கை ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது; அது நல்ல வழக்கம். ஆனால் 2017இல் நிலக்கரி வேண்டுமா என்பதில் மின்சார சபையும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் முரண்பட்டதில் முடிவுகள் தள்ளிப்போயின. 2019இல் வறட்சியும் சேர்ந்துகொள்ள மின்வெட்டு வந்தது. எந்த மூலம் சிறந்தது என்று இரு தரப்பும் வாதாடலாம். எந்த முடிவாயினும் தேவைப்படும் வேலைகள், அதாவது தொடர், மின்னழுத்தக் கருவிகள், கூரைச் சோலாரைப் பார்க்கும் ஏற்பாடு, வானிலை முன்கணிப்பு ஆகியவை, அந்த வாதத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. அவற்றைத் தனிப் பட்டியலாகப் பிரித்து, தனி நிதியோடு, முதல் ஐந்தாண்டிலேயே தொடங்கும்படி வைப்பது இளம் பொறியாளர் தன் முதல் திட்டத்தில் வற்புறுத்த வேண்டிய பகுதி. ஒவ்வொரு பதிப்பிலும் தேவை வளர்ச்சி, எரிபொருள் விலை, மழை, பேட்டரி விலை பற்றி என்னென்ன வைத்துக் கணக்கிட்டார்கள் என்ற பதிவும் சேர வேண்டும். அடுத்த திருத்தத்தில் எந்த எண் பொய்த்தது என்று அங்கே தேடிப் பிடிக்கலாம்.