கழிவுநீரில் இருக்கும் எலக்ட்ரான்



தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும், அதற்குச் செலவாகும் என்று படிக்கிறோம். அதே கழிவுநீரையும் வெயிலையும் வைத்து ஒரு நொதியை வேலை செய்ய வைக்க முடியுமா? பார்ப்போம்.

பெராக்ஸிஜனேஸ் என்பது காளானிலிருந்து கிடைக்கும் நொதி. இவ்வகையில் முதல் நொதியை ஜெர்மனி ஆய்வாளர்கள் 2004-ல் விவரித்தனர். எத்தில் பென்சீனைச் சாதாரண வெப்பநிலையிலேயே பினைல் எத்தனாலாக மாற்றிவிடும். இதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். ஆனால் மொத்தமாக ஊற்றினால் நொதி கெட்டுப்போகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அல்லவா? கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கணும்.

இங்கேதான் வெயில் உதவுகிறது. வெள்ளை பெயின்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் ஒளி பட்டால் ஒரு எலக்ட்ரான் கிளம்பும். அதைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வாங்கிக்கொண்டு, மெதுவாகப் பெராக்சைடாக மாறும். காலியான இடத்துக்கு வேறு பொருள் எலக்ட்ரான் தர வேண்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீரே எலக்ட்ரானைத் தந்தது. தண்ணீரைவிட ஆல்கஹால், பார்மிக் அமிலம் போன்ற கரிமப் பொருள்கள் சுலபமாகத் தரும். கழிவுநீரில் நிறைய இருப்பதும் கரிமப் பொருள்கள்தானே!

லேபில் டைட்ரேஷன் செய்து சி.ஓ.டி. கண்டுபிடிக்கிறோமே, உண்மையில் அது எலக்ட்ரான் கணக்கு. 32 கிராம் ஆக்சிஜன் என்றால் 4 மோல் எலக்ட்ரான். ஒரு மோல் பெராக்சைடுக்கு 2 மோல் போதும். ஆகவே லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் சி.ஓ.டி. உள்ள நீரிலிருந்து, ஏட்டுக்கணக்குப்படி 2 கிராமுக்கு மேல் பெராக்சைடு கிடைக்கலாம்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் அப்பா, "அந்தத் தண்ணியில என்னடா இருக்கு?" என்று கேட்டார். "எலக்ட்ரான் இருக்குப்பா" என்றேன். "அப்ப இன்னும் ஏன் யாரும் எடுக்கல?" என்றார்.

நியாயமான கேள்வி. டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதா ஒளியை மட்டுமே பிடிக்கும். வெயிலில் அது சுமார் 5 சதவீதம்தான். சாயத்தின் நிறம் ஒளியை மறைக்கும். உப்பு நொதியைக் கெடுக்கலாம். ஒளியில் உண்டாகும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் நொதியையே தாக்கும். அதனால் இரண்டையும் தனித்தனியே வைக்க வேண்டும்.

இந்த நான்கும் நம் துறையின் வேலைகள். அடுத்த முறை பியூரெட்டைப் படிக்கும்போது, அது கழிவின் அளவு மட்டுமல்ல, அதில் மிச்சமிருக்கும் சக்தியின் அளவும்தான் என்பதை நினைவில் வையுங்கள்.