பெயருக்குக் காத்திருக்கும் பாக்டீரியா

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத் தொட்டிகளில் படியும் சேற்றைக் கசடு என்பர். பார்வைக்கு அருவருப்பூட்டும் இக்கசடு, கோடிக்கணக்கான பாக்டீரியாக்களின் வாழிடமாகும். நீரிலுள்ள அழுக்கை உண்டு அதனைத் தூய்மைப்படுத்துபவை அவையே. அவற்றுள் பல இன்னும் பெயரிடப்படாதவை. அறிமுகமில்லாத பாக்டீரியா ஒன்றை அறிவியலாளர்கள் எவ்வாறு இனங்கண்டு வகைப்படுத்துகின்றனர்? நெதர்லாந்தில் நிகழ்ந்த கண்டுபிடிப்பு ஒன்று இதற்கு நல்ல சான்றாகும்.

கழிவுநீரில் கலந்துள்ள அம்மோனியம், அளவு மிகுந்தால் நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கு விளைவிக்கும். உயிர்வளி இருந்தால்தான் பாக்டீரியாக்களால் அம்மோனியத்தை மாற்ற இயலும் என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டது. ஆனால், உயிர்வளியின்றியே அம்மோனியத்திலிருந்து ஆற்றல் பெறும் பாக்டீரியா இயற்கையில் இருக்கக்கூடும் என்று ஆஸ்திரிய வேதியியலாளர் எங்கெல்பர்ட் புரோடா 1977இல் கணித்துக் கூறினார். அப்போது அத்தகைய உயிரியை எவரும் கண்டதில்லை.

பின்னர், டெல்ஃப்ட் நகரில் ஈஸ்ட் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியில் ஒரு புதிர் தோன்றியது. உயிர்வளி இல்லாத அத்தொட்டியில் அம்மோனியம் குறைந்துகொண்டே வந்தது. நைட்ரஜன் வாயு வெளியேறியது. ஆர்னால்ட் முல்டரும் அவருடைய குழுவினரும் இதனை 1995இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். கசட்டிலுள்ள நுண்ணுயிர்களை அழித்துப் பார்த்தபோது இம்மாற்றம் நின்றுபோனது. ஆகவே, இது ஓர் உயிரியின் செயலே என்பது உறுதியாயிற்று.

அவ்வுயிரி எது? விடை காண்பது எளிதாக இல்லை. ஒரு பாக்டீரியாவை வகைப்படுத்த, முதலில் அதை மட்டும் தனியே வளர்த்தெடுப்பதே வழக்கமான முறையாகும். சில பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்திற்குள் இருமடங்காகப் பெருகிவிடும். இதற்கோ ஏறத்தாழ 11 நாள்கள் தேவைப்பட்டன. அதோடு, மற்ற நுண்ணுயிர்களிடமிருந்து முற்றிலும் பிரித்து வளர்க்கவும் இயலவில்லை.

எனவே, டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழியை நாடினர். ஆய்வகத் தொட்டியில் அதனைப் பொறுமையுடன் பெருகச் செய்தனர். பிறகு, மையவிலக்குக் கருவியில் வேகமாகச் சுழற்றி, அடர்த்தி வேறுபாட்டின் துணையால் அதன் உயிரணுக்களைப் பிரித்தெடுத்தனர். எல்லாப் பாக்டீரியாக்களிலும் உள்ள ஒரு குறிப்பிட்ட மரபணுவை அவற்றிலிருந்து எடுத்து, ஏற்கெனவே அறியப்பட்டவற்றின் மரபணுவோடு ஒப்பிட்டனர். உறவினரை முகச்சாயல் காட்டிக்கொடுப்பதுபோல, மரபணுவின் ஒற்றுமை அதன் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தது. அது பிளாங்டோமைசீட்ஸ் என்னும் பிரிவைச் சேர்ந்த ஒரு புதிய கிளை என்பது 1999இல் அறிவிக்கப்பட்டது.

அதற்குப் புரோக்கேடியா அனமாக்சிடன்ஸ் என்று பெயரிட்டனர். முதற்சொல், அது கண்டறியப்பட்ட கிஸ்ட்-புரோக்கேடஸ் தொழிற்சாலையை நினைவூட்டுகிறது. அடுத்த சொல், உயிர்வளியின்றி அம்மோனியத்தை மாற்றும் அதன் திறனைச் சுட்டுகிறது. எனினும், பெயருக்கு முன்னால் ‘கேண்டிடாட்டஸ்’ என்னும் இலத்தீன் சொல் ஒன்றும் நிற்கிறது. அதற்கு ‘வேட்பாளர்’ என்பது பொருள். பன்னாட்டுப் பெயரிடல் விதிப்படி, ஒரு பாக்டீரியாவைத் தனியே வளர்த்து, இரு வேறு நாடுகளின் நுண்ணுயிர்ச் சேகரிப்பு நிலையங்களில் ஒப்படைத்த பின்னரே அதன் பெயர் முழு ஏற்புப் பெறும். அவ்வாறு செய்ய இயலாததால் இது வேட்பாளராகவே இருக்கிறது.

இதற்கிடையே, இவ்வகைப் பாக்டீரியாக்கள் பணியில் சேர்ந்துவிட்டன. 2002இல் ராட்டர்டாம் நகரில் இவற்றைக் கொண்டு இயங்கும் முதல் பெரிய சுத்திகரிப்புக் கலன் செயல்படத் தொடங்கியது. தொட்டிக்குள் காற்றைச் செலுத்தும் தேவை குறைவதால் மின்சாரம் மிச்சமாகிறது. சிங்கப்பூரின் சாங்கி நீர் மீட்பு நிலையத்திலும் இவை செயலாற்றுவதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

இத்தனை பயன் தந்தும் ‘வேட்பாளர்’ என்னும் அடைமொழி நீக்கப்படவில்லை. உறுதியானதை உறுதியாகச் சொல்வதும், இன்னும் நிறைவுபெறாததை அவ்வாறே குறிப்பதும் அறிவியலின் நேர்மையாகும்.