நிலத்தின் ஃபைல் படிக்கத் தெரிந்தவருக்கு வேலை உண்டு

அச்சரப்பாக்கம் பக்கத்தில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு என்.ஜி.ஓ. வேலை தேடுகிறீர்களா? சென்னை, டெல்லி கேண்டிடேட்டுகளின் இங்கிலீஷோடு போட்டி போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அவர்களிடம் இல்லாத களம் உங்கள் மாவட்டத்தில் இருக்கிறது: பஞ்சமி நிலம்.

1. முதலில் வரலாறு. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவானது. அதுதான் பஞ்சமி நிலம். முதல் 10 ஆண்டு விற்கக் கூடாது. பிறகும் அந்த மக்களுக்குள்தான் விற்கலாம். நிபந்தனையை மீறிப் பல இடங்களில் நிலம் கைமாறியது. காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். இது தெரியாமல் ரெஸ்யூமேயில் ‘சமூக நீதியில் ஆர்வம்’ என்று எழுதாதீர்கள். முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

2. அடுத்து ஸ்கில். ஒரே ஒரு சர்வே நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ‘அ’ பதிவேட்டின் நகலை ஆர்.டி.ஐ. போட்டு வாங்குங்கள். குறிப்புக் கலத்தில் ‘டி.சி.’ (டிப்ரெஸ்டு கிளாஸ்) என்று இருக்கிறதா பாருங்கள். இன்றைய பட்டா, வில்லங்கச் சான்று இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். நிலம் எந்த ஆண்டு, எந்தப் பத்திரத்தில், யாரிடம் போனது என்று ஒரே பக்கத்தில் டைம்லைன் எழுதுங்கள். இன்டர்வியூ மேசையில் அந்தப் பக்கத்தை வைத்தால், மற்றவர்களின் சர்டிஃபிகேட் எல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

3. டோனர் மனதைப் படியுங்கள். அதைவிட முக்கியம், பாதிக்கப்பட்டவர் மனது. இலங்கையிலிருந்து ஒரு உதாரணம்: காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் தர இலங்கை அமைச்சரவை 2022-ல் ஒப்புதல் கொடுத்தது. கிளிநொச்சியில் 2017 முதல் போராடும் தாய்மார் அதை ஏற்கவில்லை. பிள்ளைக்கு என்ன ஆனது என்பதுதான் அவர்கள் கேள்வி. உண்மையைத் தேடாமல் நிவாரணத்தை மட்டும் பேசும் புரபோசலைப் பாதிக்கப்பட்ட மக்களே நிராகரித்துவிடுவார்கள். கொழும்பின் நீலன் திருச்செல்வம் டிரஸ்ட் போல உள்நாட்டிலிருந்தே மானியம் தரும் அமைப்புகள் எதற்குப் பணம் தருகின்றன என்று தேடிப் படியுங்கள்.

4. பண விதிகள் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு. வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020 திருத்தம், அந்த நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50-லிருந்து 20 சதவீதமாக வெட்டியது. வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் தடை. ஆள் எண்ணிக்கை குறையும்போது, ஃபீல்டும் பார்த்து வவுச்சரும் சரியாக வைப்பவர்தான் தங்குவார். கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணத்தைப் பஞ்சமி நில வேலைக்கு நம்ப வேண்டாம். அவை வகுப்பறை கட்டித் தரும். நிலத் தகராறு என்றால் ஒதுங்கும்.

5. ஊருக்குள் போனால் முதல் நாளே மொபைலை நீட்டாதீர்கள். ‘நிலம் வாங்கித் தருகிறேன்’ என்று வாய்விடாதீர்கள். வாங்கிய நகலில் ஒரு செட் அந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டும்.

6. ஆஃபர் வந்தால் உடனே தலையாட்டாதீர்கள். ப்ராஜெக்ட் எத்தனை மாதம், பி.எஃப். உண்டா, ஃபண்டிங் நின்றால் நீங்கள் சேகரித்த ஃபைல்கள் யாரிடம் போகும் — மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.