முறுக்கும் இறுக்கமும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் நாட்டுப் பழமொழி. பாரமேற்றி மலைப்பாதையிற் செல்லும் டீசல் லாரியும் இதற்கு விலக்கன்று. அதன் எஞ்சினோடு மேனிபோல்டையும் டர்போவையும் பிணித்து நிற்கும் விரற்பருமனுள்ள போல்ட்டுகள் தளர்ந்துவிடின், அப்பெரிய யந்திரமும் வலியிழக்கும். அவை தளர்வது ஏன், தளராமற் காப்பது எங்ஙனம் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

எஞ்சினில் எரிந்த வாயு வெளியேறும் வாயில்கள் பலவற்றையும் ஒன்றுசேர்க்கும் வார்ப்பிரும்புக் குழாயே மேனிபோல்டு. அவ்வாயு வீணே கழியாமல் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அச்சுழற்சியால் காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டுங் கருவி டர்போ. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியறிஞர் ஆல்பிரட் பூக்கி 1905-ஆம் ஆண்டில் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பாரம் இழுக்குங்கால் டீசல் எஞ்சினின் வாயு ஏறக்குறைய 700 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறும்.

இத்தகைய வாயு கசியுமாயின் விளையுந் தீங்கு சிறிதன்று. டர்போவின் வேகம் குன்றும்; அருகிலுள்ள எண்ணெய்க் குழாய் பழுதுற்றுத் தீ மூளவுங்கூடும்; நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு ஓட்டுநர் அறையினுட் புகுந்து உயிர்க்கே ஊறு செய்யலாம்.

முதற்கண் அறியவேண்டுவது, முறுக்கு வேறு, இறுக்கம் வேறு என்பது. முறுக்கு நாம் செய்யும் வினை; இறுக்கம் போல்ட்டில் நிற்கும் பயன். நட்டை முறுக்குந்தோறும் போல்ட்டு மிகச் சிறிதளவு நீளுகின்றது. நீண்ட எஃகு, இழுத்த வில்லின் நாண்போல, மீண்டுஞ் சுருங்க முயல்வதனாலேயே இரு பாகங்களும் பிணிப்புண்டு நிற்கின்றன. நாம் இடும் முறுக்கை 100 பங்காகக் கொள்ளின், ஏறக்குறைய 90 பங்கு உராய்விலேயே கழிந்துவிடும். எஞ்சிய 10 பங்கே இறுக்கமாகும். ஆதலின் துருவேறிய மரையில் எவ்வளவு வலிந்து முறுக்கினும் போதிய இறுக்கம் உண்டாகாது.

இவ்விறுக்கத்தைக் களவாடுவன இரண்டு. ஒன்று, வெப்பம். நெடுநேரம் காய்ந்த எஃகு மெல்ல நெகிழ்ந்து தன் இழுவிசையை இழக்கும். இடையிலுள்ள கேஸ்கட்டும் நாளடைவில் அமுங்கும். மற்றொன்று, பக்கவாட்டு நகர்ச்சி. 500 மில்லிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிபோல்டு 500 டிகிரி சூடேறினால், ஏறத்தாழ 2¾ மில்லிமீட்டர் நீளும். நீராற் குளிர்விக்கப்படும் எஞ்சின் தலையோ அவ்வளவு நீள்வதில்லை. ஆகவே வண்டி சூடேறி ஆறுந்தோறும் மேனிபோல்டின் முனைகள் முன்னும் பின்னும் நகர்ந்து போல்ட்டுகளை அசைக்கின்றன. போல்ட்டின் போக்கில் நிகழும் அதிர்ச்சியைக் காட்டிலும் குறுக்கே நிகழும் நகர்ச்சியே நட்டைத் தானே சுழன்று தளரச் செய்வதில் முதன்மையானது என்பதை ஜெர்ஹார்ட் யுங்கர் என்னும் பொறியறிஞர் 1969-ஆம் ஆண்டில் சோதனையால் விளக்கினார்.

இனித் தடுக்கும் வழிகளைக் காண்போம்.

முதலாவது, இணையும் முகங்கள் கோணலின்றிச் சமமாயிருத்தல் வேண்டும். மரைகளைச் சுத்தம் செய்து, புதிய கேஸ்கட்டு இடுக.

இரண்டாவது, இடத்திற்கேற்ற பொருளைத் தேர்க. நைலான் வளையமுள்ள நட்டு இவ்வெப்பத்தில் உருகும். சாதாரண மரைப்பசை 150 டிகிரியளவிலேயே வலியிழக்கும். பிளவுள்ள ஸ்பிரிங் வாஷரும் சூட்டில் தன் துள்ளலை இழக்கும். வெப்பந்தாங்கும் எஃகு போல்ட்டும், மரை நெருக்கப்பட்ட முழு உலோக நட்டும், இரண்டிரண்டாய் அமையும் ஆப்பு வாஷரும், மடித்துப் பூட்டுந் தகட்டு வாஷருமே ஈண்டுப் பயன்படுவன. ஆயினும் பூட்டு நட்டின் சுழற்சியைத் தடுக்குமேயன்றி, இழந்த இழுவிசையை மீட்டுத் தாராது.

மூன்றாவது, கூடுமானவரை நீண்ட போல்ட்டைக் கொள்க. ஒரே இறுக்கத்தில் 25 மில்லிமீட்டர் போல்ட்டு 0.05 மில்லிமீட்டர் நீளுமாயின், 50 மில்லிமீட்டர் போல்ட்டு 0.10 மில்லிமீட்டர் நீளும். கேஸ்கட்டு 0.02 மில்லிமீட்டர் அமுங்கினால், முன்னது தன் நீட்சியில் ஐந்தில் இரு பங்கை இழக்கும். பின்னது ஐந்தில் ஒரு பங்கையே இழக்கும். போல்ட்டின் தலைக்கீழ்த் தடித்த குழல் இட்டு அதன் நீளத்தை மிகுவிப்பது இதுபற்றியே.

நான்காவது, அளவுகாட்டும் ஸ்பானர் கொண்டு, நடுவினின்று இருபுறமும் மாறிமாறி, இரண்டு மூன்று தவணைகளில் முறுக்குக. செய்தோர் குறித்த அளவு உலர்ந்த மரைக்கோ, மசகிட்ட மரைக்கோ என்பதை நோக்குக. உலர்ந்த மரைக்குரிய அளவில் மசகிட்டதை முறுக்கின், உராய்வு குறைந்து போல்ட்டு மிகையாய் நீண்டு கெடும். செய்தோர் விதித்திருப்பின், முதன்முறை ஓடிச் சூடாறிய பின்னர் மீண்டும் முறுக்குதல் வேண்டும்.

ஐந்தாவது, டர்போவின் பாரத்தைப் போல்ட்டுகளின் மேலேயே சுமத்தாது, தாங்குகட்டை கொடுத்து, புகைக்குழாயில் வளையக்கூடிய மடிப்புக் குழலை இணைக்க. ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் நீண்ட மேனிபோல்டைப் பல துண்டுகளாக்கி ஒன்றினுள் ஒன்று வழுக்குமாறு அமைப்பதும் உண்டு. நகர்ச்சிக்கு இடங்கொடுப்பதே அதன் கருத்து.

இணைப்பருகே கரிய புகைப்படிவு தோன்றுதலும், குளிர்ந்த எஞ்சினை இயக்குங்கால் டிக்டிக் என்னும் ஓசை எழுந்து சூடேறியதும் அடங்குதலும் தளர்ச்சியின் முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் சூடாறவிட்டு ஆராய்தல் நலம்.

வலிந்து முறுக்குவோன் வலியன் என்பது மயக்கம். மிகையாய் முறுக்கப்பட்ட போல்ட்டு மீளும் ஆற்றலை இழந்து ஒடியும். குறைவாய் முறுக்கப்பட்டதோ கழலும். அளவறிந்து நிறுத்திய இறுக்கமே வண்டியையும் அதிற் செல்வோரையும் காப்பது.