அபராதம் கட்டிவிட்டால் முடிந்துவிடுமா?



மது ஹராம் என்பதை நம் வீடுகளில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பழக்கம் நம் வாலிபர்கள் எவரையும் தொடவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிள்ளை பிடிபட்டால், நாலு பேருக்குத் தெரியாமல் பத்தாயிரத்தைக் கட்டி வண்டியை மீட்டால் போதும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அது ஏன் தவறு என்பதே இம்மாதப் பாடம்.

முதல் முறை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு இதற்குரியது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். பைக், ஆட்டோ, லாரி எல்லாவற்றுக்கும் இதே அளவுதான். தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவது போன்ற அபராதம் அல்ல இது. நீதிமன்றம்தான் இதை விதிக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டினால், குற்றவாளி என்று தீர்ப்பாகிப் பதிவாகிறது.

இரண்டாம் முறை

அடுத்த முறை பிடிபடும்போது அந்தப் பழைய பதிவு எழுந்து வரும். இரண்டாவது முறைக்கும் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு முறைக்கும் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முன்பு, முதல் குற்றம் நடந்த மூன்று ஆண்டுக்குள் மீண்டும் செய்தால்தான் இந்தக் கூடுதல் தண்டனை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வரம்பை நீக்கிவிட்டது. “பழைய கேஸ், காலம் கடந்துவிட்டது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உரிமமும் பிழைப்பும்

185இல் தண்டனை பெற்றவரின் ஓட்டுநர் உரிமத்தைக் குறைந்தது 6 மாதம் நீதிமன்றம் தகுதியிழக்கச் செய்ய வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு. தொடர்ந்து குடிப்பவர் என்று தெரிந்தால் உரிமத்தையே ரத்து செய்ய ஆர்.டி.ஓ.வுக்கு 19ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. தடைக்காலத்தில் ஓட்டினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஷேர் ஆட்டோ ஓட்டுபவருக்கும், குட்டி யானையில் பட்டுச்சேலை ஏற்றிச் செல்பவருக்கும், ஒரகடம் கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுபவருக்கும் ஆறு மாதம் என்பது வீட்டு அடுப்பு எரிவது சம்பந்தப்பட்ட விஷயம்.

உயிர் போனால்

2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் சாலையில், குடித்தவர் ஓட்டிய கார் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள் மீது ஏறியது. 7 பேர் இறந்தனர். இது வெறும் கவனக்குறைவு அல்ல, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று கொண்டு, 3 ஆண்டு சிறைத் தண்டனையை 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

1. குடித்திருப்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். இக்குற்றத்துக்குத் தூண்டுதலாகவோ துணையாகவோ இருப்பவருக்கும் அதே தண்டனை உண்டு (பிரிவு 188).

2. மூச்சுப் பரிசோதனைக்கு மறுக்க வேண்டாம். தக்க காரணமின்றி மறுப்பதே எதிரான சாட்சியமாகலாம்.

3. நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளும் முன் வழக்கறிஞரிடம் பேசுங்கள். வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். சட்ட உதவி எண் 15100.

4. முதல் முறையே எச்சரிக்கை. குடிப்பழக்கத்திலிருந்து மீள ஆலோசனை வேண்டுவோர் 14446 என்ற எண்ணில் பேசலாம்.

பிள்ளையின் தவறை ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பணத்தைக் கட்டி மூடிவிட்டு, மறுநாளே அவன் கையில் சாவியைக் கொடுப்பது அவனுக்குச் செய்யும் நன்மை அல்ல. முதல் முறையோடு நிறுத்துவதற்கு வீட்டாரால் முடியும். இரண்டாவது முறை முடிவெடுப்பது நீதிபதி. அதற்கு முன்பே நம் பிள்ளைகளைக் காப்போம், இன்ஷா அல்லாஹ்.

— செயலாளர்